முன்னாடி பிடிப்பு, பின்னாடி ஓட்டம்

உ

மார்கழி 2, புதன்

பனி. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. விரல் விறைத்துப்போய்ப் புள்ளி நேராக விழவில்லை. ஒன்பது புள்ளிக் கோலத்தை ஏழாக்கிக்கொண்டேன். பிள்ளையார் கோயிலில் வெண்பொங்கல், தொன்னை நிறைய. மிளகு கூடுதல்.

முருகனுக்கு நூற்றெட்டுப் போற்றி சொன்னேன். வாய் நின்றபோதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. நடுவில் ஒரு நாமம்கூட மனசில் படவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, கிள்ளினால் வேறு யாருடைய உதட்டையோ கிள்ளுவது போல, அப்படி. ஆவணியிலிருந்து இப்படித்தான். முருகனிடமே சொல்லலாம். சொல்வதற்கும் அந்த உதடுதான் இருக்கிறது.

இவருடைய டாக்டர் சீட்டை எடுத்து மறுபடி படித்தேன். தோள் எலும்பு கூடிவிட்டது. மணிக்கட்டுத் தகடு சரி. வேலைக்குப் போகலாம், சைக்கிள் ஓட்டலாம். இடது கை கடைசி இரண்டு விரல் மரத்துப்போயிருப்பது மெதுவாகத்தான் சரியாகும். இவருக்கு விரல். எனக்கு எது என்று தெரியவில்லை.

மருத்துவ லீவு 13 ஞாயிறோடு முடிகிறது. 14 திங்கள் பாலாநகர் தொழிற்சாலையில் சேர வேண்டும். ஆவணி மழையில் பாறைப் பக்கம் சைக்கிளோடு விழுந்த அன்றிலிருந்து இவர் கேட்டைத் தாண்டியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். அதுவும் ஆட்டோவில், கண்ணை மூடிக்கொண்டு.

சைக்கிள் பக்கத்துச் சந்தில். பழைய பெட்ஷீட் போர்த்தியபடி.

மருந்து: கா. 1, இ. 1. கியாஸ் புக் செய்ய வேண்டும்.

மார்கழி 3, வியாழன்

பத்து மணிக்கு மேல் வெயில். வாசல் படியில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உளுந்து முடியும்வரை பேசினார். இந்த மாதத்திலேயே அதிகம் பேசியது இன்றுதான். அத்தனையும் டயர்.

"டயர் மேல இருக்கற பட்டன் பெருசா, தள்ளித் தள்ளி இருந்தா மண்ணக் கடிக்கும். ஆனா தார் ரோட்டுல இழுக்கும். மாவு மெஷின் மாதிரி சத்தம் வேற. பட்டன் சின்னதா, நெருக்கமா இருந்தா ரோட்டுல பறக்கும். ஈரப் பாறையில கைவிட்டுரும்."

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்காதாங்க?"

"அங்கதான் சனியன். நடுவுல இருக்கறது ரெண்டையும் பாதி பாதி செய்யும்."

தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. ஒரு பொருள் இவர் கையைத் தாண்டிப் போவது கஷ்டம் என்று அங்கே சொல்வார்களாம். வீட்டிலும் அப்படித்தான். சீலிங் ஃபேன் வாங்க ஒரு கோடைக்காலம் போனது. ஃபேன் வந்தபோது மழை.

புரிந்தவரை:
பட்டன் பெரியது – பிடிப்பு. ஓட்டம் குறையும்.
ரப்பர் மெத்தென்று – பிடிப்பு. சீக்கிரம் தேயும்.
காற்றைக் குறைத்தால் – பிடிப்பு. மிதி கனக்கும், கல்லில் டியூப் நசுங்கும்.
எதில் பிடிப்பைக் கூட்டினாலும் ஓட்டம் போகிறது.

இவருக்கு இரண்டும் வேண்டும். ஆறு நாள் போவன்பள்ளி வழியாகத் தார் ரோடு. ஞாயிறு மட்டும் மண்ணும் பாறையும். ஒரே சைக்கிள். நான்கு மாதமாகப் பார்க்கிறார், இன்னும் முடிவாகவில்லை. டயர் முடிவானால்தான் சைக்கிளை எடுப்பாராம். டயர் முடிவாகவே கூடாது என்று பார்க்கிறாரோ என்றும் தோன்றியது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

சாயங்காலம் லாலாகுடாவிலிருந்து அண்ணி போன். இவருடைய அக்கா. "அவனுக்கு வாழ்க்கையில ஒரு பிடிப்பு வரணும் சுகுணா. நீதான் பாத்துக்கணும்."

அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்க வாய் வந்தது. "சரிங்க அண்ணி" என்றேன்.

குழம்பில் உப்பு இரண்டு தரம் போட்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. நானும் சாப்பிட்டேன், தெரியவில்லை. மகள் நித்யாதான் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுத் தயிர் கேட்டாள்.

மார்கழி 5, சனி

அண்ணி வந்திருந்தார். முறுக்கு, கருவேப்பிலைப் பொடி. வந்ததும் நேராகச் சந்துக்குப் போய்ப் பெட்ஷீட்டைப் பார்த்தார்.

"என்னடா, சைக்கிளுக்குப் போர்வை போத்தித் தூங்க வச்சிருக்க?"

"தூசி அக்கா."

"தூசி அதுக்கா, உனக்கா?"

இவர் சிரிக்கவில்லை. நான் டயர் பேச்சை எடுத்தேன், திங்கள் செவ்வாயில் வாங்கிவிடலாம் என்று. அண்ணிக்கு முகம் மாறியது.

"மார்கழியில எவளாவது புதுசு வாங்குவாளா? தை பொறக்கட்டும்."

"டயர் மட்டும்தான் அத்தை," என்றாள் நித்யா. "கார் கொண்ட்டுன்னாமா ஏமி?"

"தமிழ்ல பேசுடி."

"காரா வாங்குறோம்?"

"புதுசுன்னா புதுசுதான்."

"அப்ப பால் பாக்கெட்? தினம் புதுசுதானே வாங்கறோம்?"

"சுகுணா, டயர் இருக்கட்டும். முதல்ல இவ வாய்க்கு ஒரு பிரேக் வாங்கிப் போடு."

மத்தியானச் சாப்பாட்டில், அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு இவர் சொன்னார், அப்பளத்தைப் பற்றிச் சொல்வது போல. "வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துரலாம்னு பாக்கறேன்."

அண்ணி வாயில் போட்ட கவளத்தை மெல்லவில்லை. நித்யா என்னைப் பார்த்தாள். இவருக்கு வயது ஐம்பத்தொன்று. நான் ரசத்தைக் கலக்கி ஊற்றினேன். தெளிவு இவருக்கு, மண்டி எனக்கு, எப்போதும் போல.

அண்ணி போகும்போது கேட்டில் நின்று, "நீ ஏண்டி ஒண்ணும் சொல்லாம நிக்கற? வாயத் தெறந்து நாலு வார்த்தை திட்டு. இல்ல அழு. ஏதாவது பண்ணு," என்றார். கண் கலங்கியிருந்தது. பஸ் வந்துவிட்டது.

என்னவாவது பண்ணத்தான் வேண்டும். வெளியே போகாமல் இந்த நாற்காலியிலேயே இவர் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப யாராலும் ஆகாது. அது தெரிகிறது. அடுத்த வீட்டு விஷயம் போலத் தெரிகிறது.

பூஜை விளக்குத் திரி தீர்ந்தது.

மார்கழி 6, ஞாயிறு

கா. ஆறேகாலுக்கே வாசலில் மணிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள். ஜோசப் சார், இன்னும் மூன்று பேர். வாயிலிருந்து புகை புகையாகப் பனி. ஜோசப் சார் ரயில்வே பட்டறையில் ஃபோர்மேன், இவரோடு ஐந்தாம் வகுப்பிலிருந்து. அன்று பாறையிலிருந்து இவரைத் தோளில் தாங்கி ரோடுவரை நடத்திக் கூட்டி வந்தவர்.

மணி கேட்டதும் இவர் குளியலறைக்குள் போய்விட்டார். குழாய் திறந்துவிட்ட சத்தம்.

"எழுந்துட்டானா சிஸ்டர்?"

"குளிக்கறாருங்க."

ஜோசப் சார் தண்ணீர்ச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். சைக்கிளைப் பார்க்கலாமா என்றார். பெட்ஷீட்டை நான்தான் விலக்கினேன். ஆவணி மண் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு விரலால் தடவினார்.

"பின் டயரப் பாருங்க சிஸ்டர், என் தலை மாதிரி ஆயிருச்சு." ஹெல்மெட்டைக் கழற்றிக் காட்டினார். கேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். "முன் டயர்ல இன்னும் பாதி முடி இருக்கு, பரவால்ல."

நானும் தடவிப் பார்த்தேன். பின் டயர் நடுவில் வழவழவென்று. வழுக்கி விழாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அடுத்த ஞாயிறும் வருவோம். கிறிஸ்துமஸ் பலகாரம் தின்னது கரையணும்ல. கதவத் தட்டிக்கிட்டேதான் இருப்போம், சொல்லிருங்க."

அவர்கள் போனதும் குழாய் நின்றது. இவர் வெளியே வந்தார். துண்டு காய்ந்தபடி இருந்தது.

"போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்க."

"யாரு?"

"ஜோசப் சார்."

"ஓ."

ஒரு தொட்டித் தண்ணீர் வீண். மோட்டார் போட்டேன்.

மார்கழி 7, திங்கள்

இன்னும் ஒரு வாரம்.

காபி கொடுத்துவிட்டு நகராமல் நின்றேன். "நான் போய் வாங்கிட்டு வரேன். எதுன்னு மட்டும் சொல்லுங்க."

"நக்கோ, வேண்டாம். நீ எங்க போவ அதுக்கு."

"எதுன்னு சொல்லுங்க."

போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். சொன்னபடியே எழுதிக்கொள்கிறேன், மறக்கக்கூடாது: "எவன கேட்டாலும் ஒண்ணுதான் சொல்வான். நல்லா பிடிப்பு இருக்கறத முன்னாடி போடணும். வேகமா ஓடறத பின்னாடி போட்டுக்கலாம்."

அப்பாடா. நான்கு மாதத்தில் ஒரு முடிவு. நியாயமாகவும் பட்டது. முதலில் பிடிப்பு உள்ளதைப் போட்டுவிடுவது. ஓடுகிற டயரை மெதுவாக, தை பிறந்த பிறகு. அண்ணிக்கும் பாதி சமாதானம். வழுக்கையாகிப்போன பின் சக்கரத்துக்கு இந்த வாரமே பிடிப்பு வந்துவிடும்.

கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்தேன். வண்டி என்று எழுதினால் புது வாங்கல் ஆகிவிடும். மராமத்து என்று எழுதலாம். மார்கழிக்கு மராமத்து தோஷமில்லை.

போனில் இவர் நட்சத்திரம் போட்டு வைத்திருந்த டயர்களில் பட்டன் பெரிதான ஒன்றின் பேரை அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டேன். சக்கரம் 29 அங்குலம், டயர் பக்கச் சுவரிலேயே அச்சடித்திருக்கிறது.

மார்கழி 8, செவ்வாய்

செவ்வாய்க் கிழமை விரதம். பஸ்ஸில் செகந்திராபாத். கூட்டம், நின்றபடி. கடையில் சுவர் முழுக்க டயர், கோயில் தோரணம் போல.

கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒக்கட்டேனா அம்மா?" ஒன்றுதானா என்கிறார்.

"ஒக்கட்டே."

"முந்துகா, வெனககா?" முன்னாடியா, பின்னாடியா என்று.

"முந்து இதி," என்றேன். "வெனக... தர்வாத்த." பின்னால் போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைத் தள்ளிக் காட்டினேன்.

அவருக்கு ஏக சந்தோஷம். "கரெக்ட் அம்மா! முந்து கிரிப், வெனக ஸ்பீடு. சார்கி பாக தெலுசு."

சாருக்கு நன்றாகத் தெரியுமாம். தெரியும்தான்.

கற்றுக்கொண்டது: டயர் பக்கத்தில் அம்புக்குறி உண்டு. சக்கரம் ஓடும் திசையில் அம்பு. மாற்றிப் போட்டால் பிடிப்பு பாதி. இரும்புக் கரண்டியால் நெம்பக்கூடாது, சக்கர விளிம்பு கெடும். பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு கொடுத்தார்.

பஸ்ஸில் டயரைத் தோளில் மாட்டிக்கொண்டேன், இறங்கும்வரை. புது ரப்பர் வாசனை. பக்கத்து சீட் அம்மாள், "கைக்கு ஜி? கர் மே கோன் சலாதே?" என்றார், எதற்கு, வீட்டில் யார் ஓட்டுகிறார்கள் என்று. "ஹமாரே உனோ," என்றேன், எங்க வீட்டுக்காரர் என்று. சொன்ன பிறகு வாய் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. ஓட்டுகிறார் என்று சொல்லிவிட்டேனே.

டயரை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இவர் அந்தப் பக்கம் வரமாட்டார்.

மார்கழி 9, புதன்

ஒன்றுமில்லை. துவரம் பருப்பு தீர்ந்தது. டயர் மாற்றும் வீடியோ மூன்று தரம் பார்த்தேன். வெள்ளைக்காரப் பையன், பேச்சு புரியவில்லை, கை புரிகிறது. நான் தெலுங்கு எழுத்து கற்றதும் பஸ் போர்டைப் பார்த்துத்தான்.

போற்றி சொல்லும்போது எழுபதுக்கு மேல் எங்கேயோ நடுவில் வால்வு நட்டு நினைவு வந்தது.

மார்கழி 10, வியாழன்

நித்யாவுக்கு காலேஜ் லீவு. ஜோசப் சார் வீட்டிலிருந்து பிளம் கேக், கல்கல், காலையிலேயே. பதிலுக்கு அதிரசம் கொடுத்தனுப்பினேன்.

இவர் சாப்பிட்டுப் படுத்ததும் சந்துக்குப் போனோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினோம். சங்கிலியைச் சின்னப் பல்லுக்கு இறக்கிப் பின் சக்கரத்தைக் கழற்றினேன். புடவைத் தலைப்பில் கிரீஸ். பழைய டயரின் ஒரு ஓரம் வந்தது, மறு ஓரம் வரமாட்டேன் என்றது.

"அம்மா, டாடிய எழுப்பலாமா?"

"வேண்டாம்."

"யூட்யூப்ல ஈஸியா செஞ்சான்."

"அவனுக்கு வயசு இருபது. நெம்புகோலப் பிடி."

புது டயர் மாட்டும்போது கடைசி ஒரு சாண் உள்ளே போகவில்லை. கட்டைவிரல் இரண்டையும் வைத்து, முருகா என்று தள்ளினேன். பட்டென்று உட்கார்ந்தது. நித்யா கை தட்டினாள். அம்பு சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். காற்று அடித்தோம். சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினோம்.

கை தட்டிய சத்தமோ என்னமோ, இவர் சந்து முனையில் நின்றிருந்தார். ஆவணிக்குப் பிறகு இந்தச் சந்தில் கால் வைத்தது இன்றுதான்.

"என்ன இது?"

"டயர். வாங்கிட்டு வந்தேன்."

"அது தெரியுது. பின்னாடி என்னத்துக்குப் போட்ட?"

"நீங்கதானே சொன்னீங்க, முன்னாடி போடுன்னு."

"முன்னாடின்னுதான் சொன்னேன்."

"அதான் முன்னாடியே போட்டுட்டேன். ஓடறது பின்னாடிதானே? தை பொறந்ததும் வாங்கிக்கலாம்."

இவர் என்னைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். நித்யாதான் முதலில் பிடித்தாள். "ஓ மை காட். அம்மா! ஃப்ரன்ட் வீல்! முன்னாடின்னா ஃபர்ஸ்ட் இல்ல, ஃப்ரன்ட்!"

"சக்கரம்னு ஒரு வார்த்தை சொன்னாரா?" என்றேன். "முன்னாடி, பின்னாடின்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? கடைக்காரரும் முந்து, வெனகன்னாரு. சரின்னாரு."

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வலியோ என்று பயந்தேன். சிரிப்பு. சத்தமே வராமல், தோள் குலுங்க. பிறகு சத்தத்தோடு. இடது தோளை வலது கையால் அமுக்கிக்கொண்டு, "வலிக்குதுடி, சிரிக்க வைக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நித்யா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு முன்னாடி வந்து உக்காருங்கன்னு யாராவது சொன்னா, அம்மா நேத்தே போயிருவா!"

நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு நின்ற பிறகு முன் சக்கரத்தில் கையை வைத்துச் சொன்னார். "அன்னிக்கு வழுக்கினது இதுதான்."

"பின் டயர்தானே வழுக்கையா இருந்துச்சு?"

"பின்னாடி வழுக்கினா வால் ஆடும். காலை ஊனிச் சமாளிச்சுரலாம். முன் சக்கரம் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. நேரா முகம்தான்." தேய்ந்த பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கினார். "ஹாண்டில் கையில இருந்துச்சு சுகுணா. இருந்தும் ஒண்ணும் பண்ண முடியல."

நான்கு மாதத்தில் யாருக்கும் சொல்லாதது. ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் "வழுக்கிருச்சு" என்று மட்டும்.

பிறகு உட்கார்ந்துவிட்டார், ஸ்பேனரோடு. தப்பாக மாட்டிய பொருளை அப்படியே விட்டுவிட்டு இவரால் தூங்க முடியாது. இரண்டு சக்கரத்தையும் கழற்றினார். நான் பிடித்துக்கொண்டேன். புது டயர் முன்னால் வந்தது. முன்னால் இருந்த பழையதைப் பின்னால் மாட்டினார்.

"அதுவும் தேஞ்சதுதானே?"

"பாதி தேஞ்சது ரோட்டுல நல்லா ஓடும். பின்னாடிக்கு அதுதான் வேணும்." நட்டை இறுக்கினார். "இதுக்கு இன்னொரு டயர் வாங்கவே வேணாம்."

நான்கு மாதமாக இரண்டு டயர் தேடினார். ஒன்று போதுமாயிருந்திருக்கிறது.

முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். நித்யாவைக் கேட்டார், "மொத தரம் மாட்டினப்ப அம்பு யாரு பாத்தது?"

"அம்மா."

"ம். பாஸ்."

கிரீஸ் போகவில்லை. எலுமிச்சை, சர்க்கரை வைத்துத் தேய்க்க வேண்டும். சிரித்தார் என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். சிரித்தார்.

மார்கழி 11, வெள்ளி

பெட்ஷீட்டைத் துவைத்தேன். மண் மூன்று அலசல் வந்தது. இனி அது சந்துக்குப் போகாது, மடித்து மேல் அலமாரியில்.

இவர் காலையில் முன் டயருக்குக் காற்று அடித்தார். கட்டைவிரலால் அமுக்கினார், கொஞ்சம் விட்டார். மறுபடி அடித்தார். மறுபடி விட்டார். ஃபேன் வாங்கிய கோடை ஞாபகம் வந்தது.

மத்தியானம் ஹாண்டிலைப் பிடித்து இடது பிரேக்கை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். மரத்த விரல் இரண்டும் பிடியில் சும்மா கிடந்தன.

"பிரேக்குக்கு இந்த ரெண்டு விரல்தான்," என்றார், முதல் இரண்டை ஆட்டிக் காட்டி. "மரத்தது அந்த ரெண்டு."

"அப்ப ஆகும்ல?"

மறுபடி அமுக்கினார்.

கோயிலில் கூட்டம். தீபாராதனையில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும்.

மார்கழி 12, சனி

அண்ணி போன். டயர் கதையை நித்யா சொல்லியிருக்கிறாள். "அடிப்பாவி, நான் தைன்னு சொன்னதாலதான் உனக்கு அப்படிக் கேட்டுச்சு," என்று அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணிக்கு எல்லாம் சுலபமாக வருகிறது.

வி.ஆர்.எஸ். பற்றிக் கேட்டார். "ஒண்ணும் பேசலைங்க அண்ணி." வேண்டாம் என்றும் சொல்லவில்லையே.

இட்லிக்கு அரைத்தேன். பனி கூடுகிறது, மாவு புளிக்கவில்லை.

மார்கழி 13, ஞாயிறு

மணிச் சத்தம். இன்றைக்குக் குளியலறை இல்லை. ஹெல்மெட் மாட்டி, ஷூ போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்வரை போனார். ஜோசப் சார் குனிந்து முன் டயரைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, சிங்கத்துப் பல்லு மாதிரி இருக்கே," என்றார். எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். இவரும் பேசினார், எவ்வளவு காற்று, எந்த ரப்பர் என்று.

கிளம்பும் நேரம். நான்கு பேரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இவர் கால் கேட்டுக்கு உள்ளேயே நின்றது.

"டயர் இன்னும் பழகல ஜோசப். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

ஜோசப் சார் என்னைப் பார்த்தார். "சரிடா. பழகட்டும்."

நால்வரும் போய்விட்டார்கள். இவர் சைக்கிளைச் சந்தில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஹெல்மெட்டோடு இட்லி சாப்பிட்டார். நித்யா என்னவோ சொல்ல வந்தாள், நான் தலையை ஆட்டினேன். மூன்றாவது இட்லிக்குப் பிறகு அவராகவே கழற்றி வைத்தார்.

மாலை, சட்டை பேன்ட் இஸ்திரி. தொழிற்சாலை அடையாள அட்டையைத் தேடி எடுத்து மேஜையில் வைத்தேன். பார்த்தார், தொடவில்லை.

"காலைல ஆட்டோ சொல்லட்டுமா?"

"நக்கோ."

"பஸ்ல போறீங்களா? நான் ஸ்டாப் வரைக்கும் வரேன்."

"நக்கோ."

"அப்ப?"

டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார். போகவே வேண்டாம் என்கிற நக்கோவா, ஆட்டோ மட்டும் வேண்டாம் என்கிற நக்கோவா. கேட்கலாம். மூன்று நாள் முன்புதான் இவர் வார்த்தையை நான் ஒரு மாதிரி புரிந்துகொண்டு கிரீஸ் ஆனேன். கேட்கவில்லை.

டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். போனால் லெமன் சாதம். போகாவிட்டால் அதே லெமன் சாதம்.

மார்கழி 14, திங்கள்

கடும் பனி. தண்ணீர் தெளித்தபோது கை எரிந்தது. பதினோரு புள்ளி, ஊடு புள்ளி. வெகுநாளைக்குப் பிறகு பெரிது. எதற்கு என்று இல்லை, கை போட்டது. கேட்டின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை வந்துவிட்டது.

கடைசிச் சுழி இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் சக்கரச் சத்தம். இஸ்திரிச் சட்டை, ஹெல்மெட், முதுகில் பை. டிபன் பாக்ஸை அவரே எடுத்து வைத்திருக்கிறார். கோலத்துக்கு முன்னால் வந்து நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். போக வழியில்லை.

"நீ முடி. நான் அப்புறம்..." என்று ஹாண்டிலைத் திருப்பப் பார்த்தார்.

அப்புறம் என்றால் உள்ளே போய்விடுவார். தெரியும்.

"மேலேயே போங்க," என்றேன்.

"கோலம்டி."

"கோலம்தான். போங்க."

"மிதிச்சா திட்டுவியே. நித்யாவ ஒரு தரம் ஊர கூட்டித் திட்டின."

"போங்கன்றேன்ல!"

கத்திவிட்டேன். எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. எனக்கே யாருடைய குரல் என்று இருந்தது. இவர் என்னைப் பார்த்தார், ஏறினார். இடது கையில் இரண்டு விரல் பிரேக்கின் மேல், இரண்டு விரல் சும்மா. நடுப் பூவின் மேல் முன் சக்கரம் ஏறி இறங்கியது. கேட்டைத் தாண்டியது. கொஞ்சம் ஆடினார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேராயிற்று.

பனியில் முதுகு தெரியவில்லை. சத்தம் மட்டும், மாவு மெஷின் மாதிரி, ர்ர்ர் என்று. முனைவரை கேட்டது. நிற்கவில்லை. திரும்பிய பிறகும் கொஞ்சம் கேட்டது.

குனிந்து பார்த்தேன். ஈரத் தார் ரோட்டில் வெள்ளை வெள்ளையாகப் பட்டன் அச்சு. கோலமாவு. இரண்டு இரண்டாக, வரிசை பிசகாமல், நான் வைத்த புள்ளிகளிலிருந்து கிளம்பிப் போகப் போக மங்கி, மூன்றாவது வீட்டுவாசல் வரைக்கும்.

விரல் நுனியெல்லாம் சுருக் சுருக்கென்று ஊசி குத்தியது. விறைத்த விரலுக்கு இரத்தம் திரும்பும்போது குத்துமே, அது. பொறுக்க முடியவில்லை. புடவையில் கையைச் சுற்றிக்கொண்டேன்.

பால்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்தப் பக்கமாக வரச் சொல்லிக் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஆ பக்கனுஞ்சி ரண்டி."

வாசலைப் பார்த்தார். "முக்கு செரிகிப்போயிந்தி கதம்மா," என்றார். கோலம்தான் கலைந்துவிட்டதே என்கிறார்.

"பரவாலேது. ஆ பக்கனுஞ்சி ரண்டி."